கோபம் வந்தால் பாவமா? பொழுது சாய்வதற்குள் செய்யக்கூடியவை

மாலை நாலரை மணி. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுக்கிறார்கள். நாளுக்கு 18 கிலோ கேட்கிற தோட்டம். ஒரு பெண்ணின் கொழுந்து 19 காட்டுகிறது. மழை நாள், இலை ஈரம், சாக்கு நிறை என்று சொல்லி 3 கிலோ வெட்டுகிறார்கள். மிச்சம் 16. முழுநாள் சம்பளமான முழுப்பேர் போய், பாதிச் சம்பளமான அரைப்பேராகிறது. எதிர்த்துப் பேசினால் நாளைக்கு எந்தச் சரிவுக்கு அனுப்புவார்களோ என்ற பயத்தில், "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்தபடி தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வருகிறார். வாசல் பக்கத்து இஸ்தோப்பில் ஐந்து வயதுப் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டுகிறது. கை பட்டுத் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்கிறது. பளாரென்று ஓர் அறை.

அந்த அறையை வாங்க வேண்டிய ஆள் அந்தப் பிள்ளை இல்லை. மலைத் தண்ணீரைப் போலக் கோபமும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். கேட்க முடியாத இடத்தில் அடங்கி, எதிர்த்துக் கேட்க ஆளில்லாத இடத்தில் கொட்டும். மடுவத்திலிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து லயத்து நாய்க்கு.

கோபத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று புதிதாகக் கேட்கிறவர் இந்த நாலரை மணியிலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் புரியும். ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற வேண்டுதல், "ஆண்டவரே, என் கோபத்தை எடுத்துப்போடும்" என்பது. கோபமே பாவம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அப்படி எண்ணுகிறவர்கள் கோபம் வந்ததை ஒத்துக்கொள்வதில்லை. "எனக்கென்ன கோவம், நான் ஒண்ணும் சொல்லலையே" என்று உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். பூட்டியது மூன்று நாள் கழித்து வேறு ஒரு சின்ன விஷயத்தில் உடையும்.

வேதத்தில் கோபம்

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் கோபத்துக்கு அதிகமாக வருகிற சொல் 'அஃப்'. அதே சொல்லுக்கு மூக்கு என்றும் பொருள் உண்டு. "அவனுக்கு மூக்குக்கு மேல கோவம்" என்று நாம் சொல்வதை ஒரு எபிரேயர் கேட்டால் விளக்கமே தேவைப்படாது. 103ஆம் சங்கீதம் "கர்த்தர் உருக்கமும், இரக்கமும், நீடிய சாந்தமும், மிகுந்த கிருபையுமுள்ளவர்" என்கிறதே, அங்கே 'நீடிய சாந்தம்' என்று தமிழில் வந்திருப்பது மூலத்தில் 'மூக்கு நீண்ட' என்கிற வழக்கு. சூடான மூச்சு வெளியே வர நெடுநேரம் எடுக்கும் என்று அதை விளக்குவார்கள். கடவுளுக்குக் கோபமே கிடையாது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அவருடைய கோபம் தாமதித்து வரும் என்றுதான் சொல்கிறது. யாக்கோபு நிருபமும் அதையேதான் நம்மிடம் கேட்கிறது: "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" இருக்க வேண்டும் (1:19).

இயேசுவும் கோபப்பட்டார். ஓய்வுநாளில் சூம்பின கையையுடைய ஒருவரைச் சுகப்படுத்தலாமா என்று கேட்டபோது சுற்றியிருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. "அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் அவர் விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்து" என்று மாற்கு எழுதுகிறார் (3:5). கோபத்தோடு துக்கமும் கூடவே இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கோபத்தில் அவர் செய்ததோ, அந்த மனிதரின் கையைச் சுகமாக்கியது. யாரையும் அடிக்கவில்லை, யாருடைய பிறப்பையும் இழுத்துப் பேசவில்லை.

தம்பியைக் கொன்ற காயீனுடைய கதை இதற்கு மறுபக்கம். ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் அவன் முகம் கறுத்தவுடன் கர்த்தர் அவனைத் தண்டிக்கவில்லை, கேள்வி கேட்கிறார்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" பிறகு, நன்மை செய்யாவிட்டால் பாவம் "வாசற்படியில் படுத்திருக்கும்" என்று எச்சரிக்கிறார். அந்த நேரத்தில் கோபம் வீட்டுக்குள் வந்துவிட்டது, பாவம் இன்னும் படியில்தான் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. கோபத்தைக் கையாளுவது என்று இந்தக் கட்டுரை சொல்வதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்கிற வேலைகளைத்தான்.

எபேசியர் 4:26 அதைச் சுருக்கமாகச் சொல்கிறது: "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." கத்தோலிக்கர் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் 'பொழுது சாய்வதற்குள்' என்று இருக்கும். ஐந்து வசனம் தள்ளி, விட்டுவிட வேண்டியவை எவை என்று பவுல் பெயர் சொல்லி அடுக்குகிறார்: கசப்பு, கோபம், மூர்க்கம், கூக்குரல், தூஷணம். பலர் இந்த வசனத்தைக் காட்டி, "பாருங்கள், கோபமும் பட்டியலில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறதுதான். 26ஆம் வசனம் வந்த கோபத்தைப் பற்றியது. 31ஆம் வசனம் தங்கிவிட்ட கோபத்தைப் பற்றியது. உள்ளே ஊறுகிற கசப்பில் தொடங்கி, பக்கத்துக் காம்பரா (அறை) வரை கேட்கிற கூக்குரலாகி, ஆள் இல்லாத இடத்தில் பேசுகிற தூஷணத்தில் போய் முடிகிறது அந்த வரிசை. லயத்தில் ஒரு சண்டை மூத்துப்போகிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த வரிசைதான்.

மலைப்பிரசங்கத்தில் வருகிற ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். "தன் சகோதரனை நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவன்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது (மத்தேயு 5:22). 'என் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது' என்று அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள் உண்டு. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 'நியாயமில்லாமல்' என்ற சொல் இல்லை, ஆகவே புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றிலும் அது இருக்காது. அந்தச் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வரி மாறப்போவதில்லை: 'மூடனே' என்று ஒருவரைச் சொல்வதே அங்கே பெரிய குற்றமாக எண்ணப்படுகிறது. "அறிவில்லாத சனியன்" என்று பிள்ளையைத் திட்டுவது இந்த வசனத்துக்குள் அடங்கும்.

முதல் அரை மணித்தியாலம்

கோபம் முதலில் உடம்பில் வருகிறது. காது சூடாகும், தாடை இறுகும், கை விரல்கள் மடங்கும், குரல் தானாக உயரும். இதயம் வேகமாக அடிக்கும்போது மூளை சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. அந்த நேரத்தில் எதிரில் நிற்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. உடம்பு பழைய நிலைக்கு வரக் குறைந்தது 20 நிமிடமாவது எடுக்கும். பலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்கு முன் "இப்பவே பேசி முடிச்சிருவோம்" என்று உட்காருவதுதான் பெரும்பாலான சண்டைகளைப் பெரிதாக்குகிறது.

முதலாவது செய்ய வேண்டியது, உங்களுக்கு எந்த அடையாளம் முதலில் வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது. சிலருக்குத் தொண்டை அடைக்கும், சிலர் பாத்திரத்தை ஓசையோடு வைக்கத் தொடங்குவார்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள், அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, இடத்தை விட்டு நகர்வது. பெரிய வீட்டில் இருப்பவர்கள் அடுத்த அறைக்குப் போய்விடலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் இருக்கிற இடத்தில் அடுத்த அறை என்று எதைச் சொல்வது? வெளியேதான் போக வேண்டும், தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கமாவது. ஆனால் பேசாமல் எழுந்து போனால், விட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் வீட்டிலிருப்பவர் எடுத்துக்கொள்வார். அதனால் சொல்லிவிட்டுப் போங்கள்: "எனக்குக் கோவமா இருக்கு. பீலி வரைக்கும் போயிட்டு வாறேன். அரை மணித்தியாலத்துல வந்து பேசுறேன்." சொன்ன நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும், இதில் தவறினால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள். பேச இன்னும் முடியாது என்றாலும் வந்து, "இன்னும் ஆறல, சாப்பிட்டுப் பேசுவோம்" என்றாவது சொல்லுங்கள்.

வெளியே போனவர் எங்கே போகிறார் என்பதும் முக்கியம். தவறணைப் பக்கம் போனால் முடிந்தது. சாராயம் கோபத்தை ஆற்றுவதில்லை, கையைப் பிடித்து வைத்திருக்கிற கட்டுப்பாட்டைத்தான் முதலில் கழற்றிவிடுகிறது. நடந்துகொண்டே, "அவ இப்பிடிச் சொன்னா, நான் இப்பிடிக் கேட்டிருக்கணும்" என்று மனதுக்குள் வழக்கு நடத்தினாலும் பலன் இல்லை, 20 நிமிடம் நடந்த பிறகும் உடம்பு அதே சூட்டில் இருக்கும். கத்தித் தீர்த்தால், எதையாவது உடைத்தால் ஆறிவிடும் என்று சொல்வார்கள். அதுவும் சரியில்லை. உடைக்க உடைக்கக் கைக்கு உடைப்பது பழகிப்போகிறது.

வழக்கை நிறுத்த ஒரு பழைய ஜெபம் உதவும். கிழக்குத் திருச்சபைகளில் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிற வழி இது: மூச்சோடு சேர்த்துச் சொல்கிற ஒரே வரி. மூக்கால் நாலு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, "ஆண்டவராகிய இயேசுவே" என்று மனதுக்குள் சொல்லுங்கள். ஆறு எண்ணும் நேரம் மெல்ல விட்டு, "என்மேல் இரக்கமாயிரும்" என்று சொல்லுங்கள். பத்து முறை. வெளியே விடுகிற மூச்சு உள்ளே இழுத்ததைவிட நீளமாக இருக்க வேண்டும், இதயத் துடிப்பைத் தணிக்கிறது அந்த நீளம்தான். வேகமாகப் பத்து முறை சொன்னால் தலை சுற்றும். 'அவனுக்கு நல்ல புத்தி கொடும்' என்று ஜெபத்தை எதிராளி பக்கம் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பசியையும் களைப்பையும் ஆவிக்குரிய குறை என்று தப்பாக எண்ணாதீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான். அவன் சாப்பிட்டான், தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். பேச்செல்லாம் அதற்குப் பிறகு (1 இராஜாக்கள் 19). காலையில் ஒரு ரொட்டியும் சம்பலும், பிறகு மதியம் கொஞ்சம் என்று சாப்பிட்டுவிட்டு நாலரை வரை சரிவில் நின்ற உடம்புதான் அந்தத் தாயினுடையதும். மலையிலிருந்து வந்த முதல் அரை மணித்தியாலத்தில் பாரமான பேச்சு எதையும் எடுக்க மாட்டோம் என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளலாம். கடன்காரர் வந்து போனது, பாடசாலையில் காசு கேட்டது எல்லாம் தேத்தண்ணி குடித்து, கையில் கொஞ்சம் ரொட்டி வைத்த பிறகு. இதற்கு ஒரு சதம் செலவில்லை. பாதிச் சண்டை இதிலேயே நின்றுபோகும் வீடுகள் உண்டு.

யோனாவிடம் கேட்ட கேள்வி

உடம்பு ஆறிய பிறகு மனதை விசாரிக்க வேண்டும். தீர்க்கதரிசி யோனா கோபமாக உட்கார்ந்திருந்தபோது கர்த்தர் கேட்டார்: "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" அந்தக் கேள்வியை நாலாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது? எனக்கு எது போனது? இந்தக் கோபம் யார் மேல் போக வேண்டியது? இப்போது என்ன நடந்தால் சரியாகும்?

மடுவத்துக் கோபத்தையே எடுப்போம். நடந்தது என்ன என்றால், '3 கிலோ வெட்டினார்கள்' என்று தராசு சொல்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். 'எப்பவும் என்னையத்தான் ஏமாத்துறாங்க' என்பது நடந்ததற்கு நாம் போட்ட கணக்கு. எது போனது? அரைப்பேர்க் காசு போனது. அதைவிட, பத்துப் பேர் முன்னால் வாய் மூடி நின்ற மரியாதை போனது. பெரும்பாலும் வலிப்பது அந்த இரண்டாவதுதான். யார் மேல் போக வேண்டியது? வெட்டினவர் மேலும், வெட்டச் சொல்கிற முறை மேலும். பிள்ளையின் பெயர் இந்தப் பதிலில் எங்குமே வரவில்லை என்பதை அந்தத் தாய் தானே பார்ப்பாள்.

சிலருக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது அழுகை வரும். வரட்டும். கோபத்துக்கு அடியில் துக்கமோ பயமோ கிடப்பது வழக்கம். ஆண் பிள்ளைகளுக்கு அழக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், பிறகு அவர்களுக்குத் தெரிந்த ஒரே உணர்ச்சி கோபமாகிவிடுகிறது.

பொழுது சாயும் கணக்கு

நம் நாட்டில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் பொழுது சாய்ந்துவிடும். மலை மறைக்கிற லயங்களில் அதற்கு முன்பே இருட்டும். வேலை விட்டு வந்த நேரத்திலிருந்து பார்த்தால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கையில் இருக்கிறது. அரை மணித்தியாலம் தேத்தண்ணிக்கு, அரை மணித்தியாலம் பீலிப் பக்க நடைக்கு, மிச்சம் பேசுவதற்கு. பவுல் தோட்டத்து நேரத்தை நினைத்து எழுதவில்லைதான், ஆனால் கணக்கு பொருந்துகிறது.

அந்த வசனத்தை ஒருவகையில் பிழையாக எடுத்து மாட்டிக்கொள்கிற தம்பதிகள் உண்டு. எல்லாப் பிரச்சினையும் இன்றைக்கே தீர வேண்டும் என்று நினைத்து இரவு பதினொரு மணி வரை பேசுவார்கள். தூக்கமும் போய், சொல்லக் கூடாததும் வாயிலிருந்து வரும். தணிய வேண்டும் என்று அங்கே சொல்லியிருப்பது எரிச்சலை. கடன் பிரச்சினை இன்றிரவு தீராது. "இத நாளைக்கு ஆலயம் விட்டு வந்து பேசுவோம். இப்பக் கோவம் இல்ல, படுங்க" என்று சொல்லிப் படுப்பது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான். பவுல் எடுத்தாளுகிற 4ஆம் சங்கீதமே, "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்கிறது.

பேசும்போது மூன்று பாகம் போதும்: நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, இனி என்ன செய்யலாம். "சம்பளத்துல இருந்து ரெண்டாயிரம் எடுத்தத எங்கிட்ட சொல்லல. கடையில கடன் கேட்டு நின்னப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்த தரம் எடுக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லுங்க." அவ்வளவுதான். 'எப்பவும்', 'ஒருநாளும்', 'ஒங்க அம்மா மாதிரி' என்ற மூன்றும் வந்தால் பேச்சு தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். குரலுக்கும் ஓர் அளவுகோல் லயத்திலேயே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வார்த்தை புரிகிறதென்றால் அது பவுல் சொன்ன கூக்குரல். இன்னொருவர் கேட்டுவிட்டார் என்ற வெட்கம் வந்தவுடன் கோபம் இரண்டு மடங்காகும், அதனால் இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" (நீதிமொழிகள் 15:1).

மனைவி குவைத்திலோ டுபாயிலோ, கணவன் கொழும்பில் கடையிலோ என்று பிரிந்திருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிச் சண்டை போடாதீர்கள். வாயால் சொன்னது காற்றில் போகும், பதிவை அவர் அந்நிய வீட்டுச் சமையலறையில் பத்துத் தரம் போட்டுக் கேட்பார். எழுதுங்கள், அனுப்பாமல் வையுங்கள், ஜெபித்துவிட்டுக் காலையில் வாசித்துப் பாருங்கள். டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலமும், குவைத், கட்டார், சவூதி இரண்டரை மணித்தியாலமும் பின்னால். இங்கே வேலை முடிந்து நாம் கேள்வி கேட்கும் நேரம் அங்கே அவர் இன்னும் வேலையில் நிற்கிறார். பதில் வராததற்குக் காரணம் அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

வெட்டின 3 கிலோவைச் சும்மா விடுவதா?

விட வேண்டியதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாத போதனை நம் மக்களுக்குத் தீங்கு செய்கிறது. "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று எழுதியிருப்பது யாக்கோபு நிருபத்தில் (5:4). கோபிக்கிறதற்குத் தாமதமாயிருங்கள் என்று சொன்ன அதே நிருபம்.

எப்படிக் கேட்பது என்பதற்கு நெகேமியா 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஜனங்கள் தானியத்துக்காக நிலத்தை அடகு வைத்து, பிள்ளைகளையே அடிமையாக்கிய நிலையில் வந்து முறையிடுகிறார்கள். நெகேமியா "மிகவும் கோபங்கொண்டு", உடனே கத்தவில்லை. "என் மனதிலே ஆலோசனைபண்ணி" என்று எழுதுகிறார். பிறகு உரியவர்களிடம் நேரே பேசுகிறார். சபையைக் கூட்டுகிறார். நிலங்கள், திராட்சத்தோட்டங்கள், வீடுகள், வாங்கிய வட்டி என்று திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். சரி என்று சொன்னவர்களை ஆசாரியர்கள் முன்னால் ஆணையிடச் செய்கிறார்.

தோட்டத்தில் அதையே இப்படிச் செய்யலாம். ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதுங்கள்: திகதி, தராசு காட்டிய நிறை, வெட்டிய கிலோ, சொன்ன காரணம், மழையா வெயிலா. தனியாகப் போகாமல், அதே மலையில் கொழுந்து எடுக்கிற இரண்டு மூன்று பேரையும் எழுதச் சொல்லுங்கள். வெயில் நாளிலும் அதே 3 கிலோ வெட்டியிருந்தால் 'ஈரம்' என்ற காரணம் தானாக விழுந்துவிடும். முதலில் கொழுந்துக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளையிடமே, கூட்டம் இல்லாத நேரத்தில்: "ஐயா, இந்த ரெண்டு கிழமைக் கணக்கக் கொஞ்சம் பாருங்க." பிறகு தலைவர், தொழிற்சங்கம், தோட்டத்தை நடத்துகிற துரை. அதற்கும் மேல் தொழில் திணைக்களக் காரியாலயம். மத்தேயு 18ஆம் அதிகாரம் சகோதரனோடுள்ள வழக்குக்குச் சொல்கிற வரிசையும் இதுதான்: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, பிறகு சபைக்கு. எடுத்தவுடன் கூட்டத்தில் வைத்து ஒருவரை அவமானப்படுத்தினால், அவர் செய்தது சரியா பிழையா என்ற பேச்சு போய், அவருடைய மானம் பற்றிய பேச்சாகிவிடும்.

ஒரு நாளில் வந்து போகாத கோபமும் நம் மலைகளில் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டது, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே குடும்பத்தில் பாதி இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனது, இவையெல்லாம் தாத்தா பாட்டி வாயிலிருந்து பேரப்பிள்ளைக்கு வந்துசேர்ந்த கசப்பு. அதை 'மறந்துவிடு' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு வேதம் தருகிற பாத்திரம் புலம்பல் சங்கீதங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான். 13ஆவதை எடுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிற சங்கீதம். ஆறே வசனம். சத்தமாக வாசித்து, உங்கள் குடும்பத்துக்கு நடந்ததை உங்கள் பேச்சிலேயே அதில் சேர்த்துச் சொல்லுங்கள். ஜெபத்தில் இவ்வளவு வெளிப்படையாக மனத்தாங்கலைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். அந்தச் சங்கீதங்களை இஸ்ரவேலர் ஆராதனையில் பாடினார்கள்.

அடி விழுகிற வீடு

இதுவரை சொன்னதெல்லாம் கோபப்படுகிறவர் செய்ய வேண்டியது. அடி வாங்குகிறவருக்கு இவற்றில் எதுவும் கடமை இல்லை. "நீ மெதுவாப் பதில் சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டான்" என்று நீதிமொழிகளைக் காட்டி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது வேதத்தைப் பிழையாகப் பாவிப்பது. போதகரானாலும் சுவாமியானாலும் உபதேசியாரானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இன்னைக்கு ராவு ஒனக்குப் படுக்கப் பாதுகாப்பான இடம் இருக்கா?"

மன்னிப்பது வேறு, மறுபடி ஒன்றாக வாழ்வது வேறு. மன்னிப்பு ஒருவர் கடவுள் முன்னால் தனியாகவே தொடங்கலாம். சேர்ந்து வாழ்வதற்கு மற்றவர் மாற வேண்டும், அந்த மாற்றம் மாதக்கணக்கில் கண்ணால் காண இருக்க வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18இல் இரண்டு நிபந்தனைகள் இருப்பது வீணாக இல்லை.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரே கேட்கலாம், அவருக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். உடனடி ஆபத்துக்கு 119. பெண்களுக்கான உதவி எண் 1938, பிள்ளைகளுக்கு 1929. கோபத்தை அடக்கவே முடியவில்லை, தூக்கம் இல்லை, தன்னையே முடித்துக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள்.

அறைந்துவிட்ட பிறகு

எல்லாம் தெரிந்தும் கை ஓங்கிவிடும் நாள் வரும். அந்த நாளுக்கும் வழி இருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:24) பெரியவர்களுக்கு மட்டும் என்று எண்ணுகிறோம். பிள்ளையிடமும் போக வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் போதும், ஜெபத்தில் அழுதுவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அறை வாங்கிய பிள்ளைக்கு அது தெரியாது. "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களுக்குக் கோபமூட்டாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21 பிதாக்களுக்குச் சொன்னது தாய்க்கும் சேர்த்துத்தான்.

மன்னிப்புக் கேட்பது கெட்டுப்போவது ஒரே ஒரு சொல்லில்: 'ஆனா'. "அடிச்சது தப்புதான், ஆனா நீ தேத்தண்ணியக் கொட்டுனியே" என்றவுடன் தப்பு மறுபடி பிள்ளையின் தலையில் ஏறிவிடும். செய்ததைப் பெயர் சொல்லுங்கள், காரணத்தைப் பிள்ளை மேல் போடாதீர்கள், அடுத்த தரம் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். குனிந்து, கண் மட்டத்துக்கு வந்து: "அம்மா ஒன்னைய அறைஞ்சுட்டேன். அது தப்பு. மடுவத்துல வந்த கோவம் அது, ஒம்மேல வந்த கோவம் இல்ல. இனி கோவம் வந்தா அம்மா பீலிக்குப் போயிட்டுத்தான் உள்ள வருவேன்."

பிள்ளை பதில் சொல்லாமல் இருக்கலாம், தள்ளிப் போகலாம். "அம்மாவ மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அடுப்புப் பக்கம் இடம் விட்டு உட்கார்ந்து, சூடான ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கையில் கொடுங்கள். இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றுங்கள். கோப்பையைத் தூக்கும்போது பிள்ளையின் கை நடுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நடுங்கினால், நாளைக்கும் அதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டியிருக்கும்.